வலது பக்கத்துப் பல்பு

நவம்பர் 6, புதன்

இந்த டைரி ஜனவரி மாதம் ஒரு நகைக்கடையில் ஓசியாகக் கிடைத்தது. நகை வாங்கியது ஆபீஸில் ஒருவர். நான் துணைக்குப் போனவன். பத்து மாதமாக இதன்மேல்தான் தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. ஐம்பத்தாறு வயதுவரை டைரி எழுதாத ஒண்டிக்கட்டைக்கு இப்போது என்ன கேடு என்றால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என் வாய் சும்மா இருக்காது. இத்தனை வருஷம் அந்த நேரத்துக்கு ஜெபமணி இருந்தார். இப்போதும் இருக்கிறார், ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். பேச்சுவார்த்தைதான் இல்லை.

இன்றைய செய்தி: காரின் வலது பக்க ஹெட்லைட் போய்விட்டது. நான் கார் நிறுத்துகிற இடம் அந்தச் சுவரைப் பார்த்தது. உள்ளே விட்டு நிறுத்தும்போது சுவரில் இரண்டு வட்டமாக வெளிச்சம் விழும். அதைப் பார்த்ததும் ஜெபமணி அந்தப் பக்கம் கொய்யா மரத்தடியில் வந்து நின்று சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏல பூதம், இன்னைக்கு ஆபீஸ்ல எவன் தலை உருண்டுச்சு?" என்பார். என் பெயர் பூதலிங்கம். அதில் லிங்கத்தை விட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டவர் அவர்தான்.

இன்று ஒரு வட்டம்தான் விழுந்தது. தலையும் நீளவில்லை.

காரில் எது போனாலும் ஜெபமணிதான் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டிகளையும் பிள்ளைகளைப் போலவே விசில் ஊதி வழிக்குக் கொண்டுவருவார். இடது பக்கத்துப் பல்பு அவர் போட்டதுதான், இரண்டு வருஷமாக எரிகிறது. நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன். கணக்குப் பிரிவு. மின்வாரியத்துக்காரனுக்குப் பல்பு மாட்டத் தெரியாது என்று பாளையங்கோட்டையில் தெரிய வேண்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

சரி, சண்டை என்ன என்றும் எழுதிவிடுகிறேன். தீபாவளியன்று மாடி வீட்டு சண்முகத்தாய் அக்கா முறுக்குத் தட்டோடு வந்தாள். "டிரில் சார் வீட்ட பல் டாக்டருக்கு வித்துட்டாவளே, ஒனக்கு நல்ல விலைன்னு தோணுதா தம்பி?" என்றாள். வாயில் முறுக்கு. கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீடு விற்றாகிவிட்டது, மெல்போர்னில் மகனோடு இருக்கப் போகிறார்கள், இருபத்து மூன்றாம் தேதி பிளைட். தெருவே பேசுகிறது. இந்தத் தெருவில் ஒரு கர்ப்பம்கூட எனக்குத் தெரியாமல் நாலாவது மாதத்தைத் தாண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட எனக்கு, அடுத்த வீட்டுச் சேதி, அதுவும் கடைசியாக!

போன மாதம் அவர் தன் காரை விற்றபோதுகூட, "மைலேஜ் இல்லலே" என்றார். நானும் நம்பி, மைலேஜைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

என் கோபம் அந்த அவமானத்துக்குத்தான். வேறொன்றுமில்லை.


நவம்பர் 7, வியாழன்

மழை. இரவுச் சாப்பாடு தோசை. கல்லை வைக்க இடமில்லாமல் தட்டின்மேல் வைத்துத் தட்டு நெளிந்தது.


நவம்பர் 9, சனி

முருகன்குறிச்சியில் ரசாக் பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் பல்பு வாங்கினேன்.

"எங்க, கூட வருவாவளே அந்த அண்ணாச்சி?" என்றார் பாய்.

"அவாளுக்கு வேலை."

"அப்ப யாரு மாட்டுவா? இங்கனயே மாட்டி விடச் சொல்லட்டா?"

"நானே மாட்டிக்கிடுவேன் பாய்."

பாய் பில் எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தார். சீட்டாட்டத்தில் எல்லாவற்றையும் வைத்து ஆடப் போகிறவனைப் பார்ப்பதுபோல.

இதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது? நாளை ஞாயிறு, நேரமும் நல்ல நேரம். விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிப்பான், அதற்காகத்தான் இந்த அவசரம். இருபத்து மூன்றாம் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.


நவம்பர் 10, ஞாயிறு

வெற்றி!

விவரமாக எழுதுகிறேன், கேட்க ஆளில்லாததால்.

குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பல்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பெட்டியில் ஒரு கைப்படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தது. கை சுடும் என்கிறார்கள் போலும்; எரியாத பல்பு எப்படிச் சுடும்? புதுப்பொருள் எது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு, பிரஷர் குக்கரானாலும் சரி, செருப்பைத் தவிர. பல்பின் கண்ணாடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பிறகு வாசலுக்கு வந்து காருக்கு முன்னாலும் ஒரு முறை ஒற்றிக்கொண்டேன். கார் பார்க்க வேண்டுமே.

நிமிர்ந்தால் சுவருக்கு மேலே தலை. கையில் தண்ணீர்க் குழாய். கொய்யாவுக்கு ஊற்றுகிறாராம், வியாழக்கிழமை பெய்த மழையில் அது முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறது. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தலை இறங்கிவிட்டது.

பானெட்டைத் தூக்கினேன். பல்புக்குப் பின்னால் மூன்று கால் உள்ள பிளக். அதைப் பிடுங்கினால் ஒரு ரப்பர் மூடி. மூடியைக் கழற்றினால் பல்பை அமுக்கிப் பிடித்திருக்கிற கம்பிக் கொண்டி. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதெல்லாம் இருப்பது பேட்டரிக்கும் இரும்புக்கும் நடுவில், எலியின் கைக்கு அளவெடுத்த சந்தில். என் கை எலியின் கை இல்லை. பார்க்க முடியாது, தடவித்தான் செய்ய வேண்டும். கொண்டியை விடுவித்தேன், அது என் நகத்தைப் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. நான் இருமல் வந்ததுபோல இருமினேன். தண்ணீர் மறுபடி ஓடியது.

காலையில் ஆரம்பித்து, வெயில் உச்சிக்கு வந்தபோது முடித்தேன். சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டேன். பகல் என்பதால் சரியாகத் தெரியவில்லை. அதற்காக இருட்டும்வரை காத்திருந்து, காருக்குள் உட்கார்ந்து போட்டேன்.

சுவரில் இரண்டு வட்டம்!

ஹாரனை அடித்துவிடப் போனேன். யாருக்கு என்று அடிப்பது? அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.


நவம்பர் 13, புதன்

சண்முகத்தாய் அக்கா தந்த தகவல்: டிரில் சார் வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் எடுத்துப் போயாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் சொல்லியிருக்கிறார்கள். "உன் வண்டி இருக்கும்போது ஏன் தம்பி வேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல. நான் பொங்கவில்லை.

அந்த வீட்டார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் ரயிலடிக்கோ ஏர்போர்ட்டுக்கோ என் வண்டிதான். மகன் படிக்கப் போனபோதும் நான்தான் ஓட்டினேன். ஜெபமணி பொண்டாட்டி ஸ்டெல்லா மதினி பின்னால் உட்கார்ந்து நாங்குநேரிவரை அழுதாள், அவர் ஆரல்வாய்மொழிக்கு அப்புறம் அழுதார்.

ஆபீஸில் இருபத்து மூன்றாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: பல்வலி. இன்னும் வரவில்லை. வரும் என்று தோன்றுகிறது.

காரைக் கழுவினேன். பின் சீட்டு உறையையும் துவைத்துப் போட்டேன். பின் சீட்டில் யாரும் உட்காருவதில்லை, இருந்தாலும்.


நவம்பர் 15, வெள்ளி

ஒரு வட்டம்.


நவம்பர் 16, சனி

காலையில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு பல்பை வெளியே எடுத்தேன். கண்ணாடியில் நான் பொட்டு வைத்த இடத்தில் கரியாக ஒரு திட்டு. பக்கத்தில் கொப்புளம்போல வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து குரல். சாடை.

சாடைப் பேச்சு பற்றி அறியாதவர் இருக்க மாட்டார்கள். சண்டைக்காரன் காதில் விழ வேண்டியதைக் காக்காவிடமும் கோழியிடமும் சொல்லுவது. ஜெபமணிக்குக் கோழி இல்லாததால் பொண்டாட்டியிடம் சொன்னார், நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

"ஏட்டி ஸ்டெல்லா, ஹெட்லைட்டுப் பல்புக்குச் சந்தனம் பூசுனா எரியுமாட்டி? கண்ணாடியில வெறும் வெரலு பட்டாலே அந்தப் பிசுக்குல சூடேறி வெந்துபோயிரும். கண்ணுல வேற ஒத்துனா? நல்லவேள, காது குத்தல!"

"சும்மா இருங்க, தம்பி நிக்காவ" என்றாள் மதினி.

எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார். பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரருகே போனேன். தீபாவளிக்குப் பிறகு நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"தெரிஞ்சும் ஏன் வே சொல்லல?"

தலை மேலே வந்தது. சவரம் பண்ணாத முகம்.

"சொன்னா நீ என்ன செய்வ? 'அப்ப நீரே மாட்டித் தாரும்'னு பல்பத் தூக்கி எங்கையில தந்துட்டு, நாற்காலியப் போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசுவ. நானும் மாட்டிருவேன். அடுத்தாப்ல அவிஞ்சா? மெல்போர்ன்ல இருந்து கையை நீட்டவா?"

"நான் பல்பைக் கேக்கல."

அவர் கையிலிருந்த குழாயில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"மாடி வீட்டு அக்காவுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், அந்தப் பல் டாக்டருக்குத் தெரியும். எனக்கு மட்டும் மைலேஜ்! தெரிஞ்சும் ஏன் வே சொல்லல?"

"ஊரு பூரா சொன்னேன்லே. ஒண்ணும் ஆகல. எல்லாவனும் 'ரொம்ப சந்தோசம்'னான். ஒங்கிட்ட வந்து சொல்லிட்டம்னா..." அவர் கொய்யா இலை ஒன்றைக் கிள்ளிக் கிழித்தார். "ஒங்கிட்டச் சொல்லிட்டா, போறது உறுதியாயிரும்லா."

மழை வருகிறாற்போல இருந்தது. பானெட்டை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மழை வரவில்லை.


நவம்பர் 18, திங்கள்

ரசாக் பாயிடம் இன்னொரு பல்பு. "போன வாரம்தான வாங்குனிய?" என்றார். கைவசம் ஒன்று இருக்கட்டுமே என்றேன். இந்தப் பாளையங்கோட்டையில் சந்தனப் பல்புக் கதை இன்னும் நாலு வீட்டைத் தாண்டவில்லை. நானே பரப்பினால்தான் உண்டு. பரப்புவதற்கு ஏற்ற ஆளை யோசித்தேன். அவருக்கு ஏற்கனவே தெரியும்.


நவம்பர் 20, புதன்

ஆபீஸுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் போனேன். காலையில் பல்பு.

புது வேட்டியில் ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன், கை தன்னால் போய்விடுமே! பல்பைத் துணியோடு பிடித்து, கண்ணாடியைத் தொடாமல், அடிப்பக்கத்தைப் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். கண்ணில் ஒற்றவில்லை. மரியாதைக் குறைவாகத்தான் இருந்தது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கொண்டி மாட்டவில்லை. மூன்றாவது முறையும் வழுக்கியது. அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"ஏ கொய்யா மரம்" என்றது குரல். "கொண்டிய அமுக்கக் கூடாது பாத்துக்கோ. உள்ள தள்ளி, பொறவு கீழ எறக்கணும்."

தள்ளி, கீழே இறக்கினேன். 'டிக்' என்றது.

"பல்புல மூணு காது இருக்கும் மரம். காது மூணும் பள்ளத்துல உக்காந்துச்சான்னு ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தேன். உட்கார்ந்ததுபோலத்தான் இருந்தது.

"மரத்துக்கு நல்லா வெளங்கிட்டு" என்று நான் பேட்டரியிடம் சொன்னேன்.

இனிமேல் இந்தத் தெருவில் ஹெட்லைட் மாட்டத் தெரிந்த கொய்யா மரம் ஒன்று இருக்கிறது. பல் டாக்டர் வெட்டாமல் இருக்க வேண்டும்.


நவம்பர் 22, வெள்ளி

நாளைக்கு நானே போய் நிற்பதா, கூப்பிட்டால் போவதா? கூப்பிட மாட்டார். வேன் சொன்னவர் எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிடாத வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் நின்று, வேன்காரன் முன்னால் அசிங்கப்பட்டால்?

எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வைத்தேன். சோற்றுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். டாங்க் நிறைய பெட்ரோல் போட்டேன். புதுப் பல்பும் அவிந்துவிடக் கூடாதே என்று, மாட்டியதிலிருந்து விளக்கைப் போடவே இல்லை.


நவம்பர் 23, சனி

வீட்டுக்கு வந்து, கை கழுவாமலே எழுதுகிறேன்.

மத்தியானம் பன்னிரண்டுக்குக் காரை எடுத்து, அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். டிக்கியைத் திறந்து வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேனைக் காணோம்.

ஸ்டெல்லா மதினி பையோடு வந்தாள். நேராக டிக்கியில் வைத்தாள், ஏதோ நேற்றே பேசி முடித்த காரியம்போல.

"வேன் எப்ப மதினி வருது?"

"அத முந்தாநாளே வேண்டாம்னுட்டாவளே தம்பி."

ஜெபமணி பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தார். சவரம் பண்ணியிருந்தார்.

"யாரைக் கேட்டு வே வேன வேண்டாம்னீரு? நான் வராம இருந்தா?"

"கொய்யா மரத்தக் கேட்டேன். வருவான்னு சொல்லிச்சு." சூட்கேஸை உள்ளே தள்ளிவிட்டுப் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "ஒரு நிமிசம் பொறு, ஜெபம் பண்ணிருவோம்."

அவர் ஜெபித்தார். எங்கள் பயணத்தையும் வாகனத்தையும் அதை ஓட்டுகிறவனையும் காத்துக்கொள்ளச் சொன்னார். 'ஓட்டுகிறவனுக்குத் தனியே திரும்பி வருகிற வழியிலும்' என்று சொல்லும்போது நிறுத்திவிட்டார். ஆமென் மதினிதான் சொன்னாள். நான் காரை எடுத்தேன், நாலு பழமும் நசுங்கின. இரண்டு கட்சி சாமிகளும் சம்மதித்துவிட்டார்கள்.

வழியெல்லாம் பேச்சு. மூன்று வாரப் பாக்கி. ஆபீஸில் எவன் தலை உருண்டது, சண்முகத்தாய் அக்கா மருமகள் ஏன் பூரிக்கட்டையை ஒளித்து வைத்தாள், எல்லாம். மதினி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நாகர்கோவில் தாண்டியதும் ஜெபமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏல, அங்க சாயங்காலம் ஏழு மணிக்கு நான் என்னல செய்வேன்?"

"அங்க ஏழுன்னா இங்க மத்தியானம். நான் ஆபீஸ்ல தூங்கிக்கிட்டிருப்பேன். எழுப்பும்."

"எழுப்புதேன்" என்றார்.

ஏர்போர்ட் வாசலில் சாமான்களை இறக்கிய உடனே விசில் சத்தம். டிரில் சாருக்கே விசில்! வண்டியை எடு என்று மலையாளத்தில் ஒருத்தன் கையை வீசினான். கட்டிப்பிடிக்கலாமா வேண்டாமா என்று நான் நிற்க, ஜெபமணி காருக்கு முன்னால் போய் நின்றார்.

"லைட்டப் போடு."

போட்டேன். குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எடது சரி. வலது மேல பாக்குதுலே. காது ஒண்ணு சரியா உக்காரல. தொற, ஒரு நிமிச வேலை."

பானெட்டைத் திறக்கப் போனேன். விசில்காரன் கிட்டவே வந்து காரின் மேல் தட்டினான். ஜெபமணி பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நீயே பாத்துக்கோ" என்றார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதினிதான் திரும்பித் திரும்பிக் கையாட்டினாள்.

மார்த்தாண்டத்திலேயே இருட்டிவிட்டது. இடது விளக்கு ஒழுங்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தது. வலது விளக்கு மரத்தில் காக்காக் கூட்டைத் தேடிக்கொண்டு வந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கண் கூசி என்னைத் திட்டினார்கள். லாரிக்காரன் ஒருத்தன் நின்று, என் தாயாரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான். ஆரல்வாய்மொழிக் காற்றில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றாலைகள் சுற்றுகிற சத்தம். நான் லாரிக்காரன் சொன்னதைப் பக்கத்து சீட்டுக்குத் திரும்பி அப்படியே நடித்துக் காட்டினேன். பெல்ட் மாட்டும் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து காரை உள்ளே விட்டேன். அவர் போட்ட விளக்கின் வட்டம் சுவரில், எப்போதும் விழுகிற இடத்தில் விழுந்தது. என்னுடையது சுவருக்கு மேலே ஏறிப் போய்க் கொய்யா இலையில் விழுந்திருந்தது. அவர் தலை தெரிகிற உயரம்.

கொஞ்ச நேரம் அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி இறங்கிவிடும் என்றுதான் அணைத்தேன்.


நவம்பர் 24, ஞாயிறு

மழை இல்லை. பல் டாக்டர் பொங்கலுக்கு அப்புறம்தான் குடி வருகிறாராம். ஒரு பல்லும் வலிக்கவில்லை.

அந்தக் காதைப் பள்ளத்தில் உட்கார வைப்பது ஒரு நிமிச வேலை. எப்படி என்று தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேலாகக் குழாயை நீட்டிக் கொய்யாவுக்குத் தண்ணீர் விட்டேன். லாரிக்காரன் கதையை அதனிடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். வலது விளக்கு மேலே பார்க்கிறதே, என்ன செய்யலாம் என்றும் கேட்டேன்.